விதைக்கு விட்ட காய்

பங்குனி பிறந்துவிட்டால் வருசநாட்டில் இரண்டு அறுவடை நடக்கும். ஒன்று ஊரறிந்தது, இலவங்காய். மலைச்சரிவுத் தோப்புகளில் காய் முற்றி வெடிக்கத் தொடங்கும். அதை உடைத்துப் பஞ்சு வேறு, கொட்டை வேறாகப் பிரிக்கும் கூலி வேலைக்கு எங்கள் தெருப் பெண்கள் காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். சாயந்தரம் திரும்பும்போது தலைமுடி, புருவம், மூக்கு எல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். இன்னொன்றை அறுவடை என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கையகல இடத்தில், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அறுவடை அது. நாலைந்து கத்தரிக்காய், ஒரு பிடி சீனியவரை, பத்துப் பதினைந்து வெண்டை, கொடியில் ஒரு பீர்க்கங்காய். முந்தானைக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டாவது அறுவடையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

நாங்கள் என்று சொல்வது கடமலைக்குண்டு பக்கத்துக் காலனி ஒன்றில் தோட்டம் போடுகிற ஏழு வீடுகளை. வீட்டுக்கு மூன்று சென்ட் மனை. மூன்று சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. வீடு, குளியலறை, ஆட்டுக்கொட்டகை போக மிச்சம் இருப்பது நானூறு சதுர அடி தேறினால் பெரிது. வைகை பிறக்கிற மலையின் அடிவாரத்தில்தான் குடியிருக்கிறோம். ஆனாலும் கோடையில் மூல வைகை வெறும் மணலாகக் கிடக்கும். இங்கே பிறக்கும் தண்ணீரை ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் கட்டிய அணையில் தேக்கி, மதுரை வரைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோகிறார்கள். எங்கள் கொல்லைக்கு வருவது பாத்திரம் கழுவிய தண்ணீரும், அரிசி களைந்த தண்ணீரும், பிள்ளைகள் குளித்த தண்ணீரும்தான். அந்தத் தண்ணீருக்கு வாழைக்கட்டை போட்டு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். தை மாதம் ஊன்றிய விதை பங்குனியில் காய்க்கிறது என்றால் அந்த வாய்க்காலால்தான்.

கோடைக் காயைப் பறிப்பதில் ஒரு கணக்கு உண்டு. வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். முற்ற விட்டால் அந்த ஒரு காய் மட்டும் வீணாவதில்லை. தன் வேலை முடிந்தது என்று செடியே பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். சீனியவரையும் அப்படித்தான், கத்தரியும் அப்படித்தான். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். ஆகவே சமையலுக்குப் பறிப்பதும் விதைக்கு விடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரு காயை விதைக்கு விடுகிறோம் என்றால், வரவேண்டிய நாலைந்து காயை வேண்டாம் என்கிறோம். காய் வாங்க காசு இல்லாத வாரத்தில் அந்த ஒரு காய் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

அதனால் விதைக் காய்க்கு அடையாளம் கட்டுகிறோம். பழைய நீலச் சேலையைக் கிழித்து ஒரு முடிச்சு. நீலத் துணி கட்டிய காயைப் பிள்ளைகள்கூடத் தொடமாட்டார்கள். எந்தக் காயைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பெரியவர்கள் கறாராக இருப்பார்கள். முதல் காயும் வேண்டாம், கடைசிக் காயும் வேண்டாம், நடுவில் வந்த காய்தான் வேண்டும். பூச்சி விழாத செடி, தண்ணீர் குறைந்த நாளிலும் வாடாமல் நின்ற செடி. இவ்வளவுதான் விதி. காலனித் தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த செடியின் பிள்ளைக்குத்தான் காலனியில் இடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். நகரத்து விடுதிகளில் இருந்து படிக்கிற தம்பி தங்கைகளுக்காக அதையும் எழுதி வைக்கிறோம். கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளித்துப் பழுக்க வேண்டும். சமைக்கிற பருவத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பழுத்ததும் அறுத்து, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்குகிற விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். மிதப்பது பதர். தக்காளியின் விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு உறை இருக்கும். சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால் அது போய்விடும். வெண்டை செடியிலேயே காய்ந்து வரிவரியாக வெடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். பாகல் பழுத்துப் பிளந்ததும் அணில் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். சுரைக்காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். பீர்க்கு காய்ந்ததும் நுனி மூடி கழன்றுவிடும், தலைகீழாகக் கவிழ்த்தால் கறுப்பு விதைகள் கொட்டும். மிஞ்சிய கூடு முதுகு தேய்க்க. தட்டாம்பயற்றைச் செம்மண் குழைத்துப் பூசிக் காயவைப்போம், வண்டு வராது. சுரை, பீர்க்கு விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டுவோம். மற்றதெல்லாம் சாம்பலில் புரட்டி, வேப்பிலை போட்டு, மூடி இறுகிய பாட்டிலில். பாட்டிலில் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுவது மட்டும் நாங்கள் புதிதாகச் சேர்த்தது. எழுதத் தெரிந்த தலைமுறையின் பங்கு.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். இயற்கை, மரபு, பாட்டி வைத்தியம் என்று பேசுகிற எவருக்கும் இது பிடித்துப்போகும். ஆனால் இந்தப் பக்குவங்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல்லைக் கவனியுங்கள். காத்திருக்க வேண்டும். பழுக்கிற வரை, காய்கிற வரை, வெடிக்கிற வரை. யாரால் காத்திருக்க முடியும்? அடுத்த மாதமும் இந்த மண் தன் கையில்தான் இருக்கும் என்று நம்புகிறவரால்தான் முடியும். விதை எடுப்பதற்கு முதல் தேவை விதையைப் பற்றிய அறிவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் தேவை கலைக்கப்படாத ஒரு துண்டு நிலம்.

எங்கள் அப்பத்தா காலத்தில் இந்த மனை கிடையாது. ஒரு தோப்பில் காவல் குடும்பமாக இருந்தார்கள். தோப்பின் மூலையில் ஒரு குடிசை, குடிசைக் கூரை மேல் ஒரு சுரைக்கொடி. கொடி அப்பத்தாவுடையது, மண் தோப்புக்காரருடையது. ஒரு கோடையில் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். மறுநாளே வேறு குடும்பத்தைக் காவலுக்கு வைத்துவிட்டார்கள். குடிசையைப் பிரிக்கும்போது கொடியையும் சேர்த்து அறுத்துப் போட்டார்கள். விதைக்கு என்று விட்டிருந்த சுரைக்காய் அப்போது பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே விதை இன்னும் பால்பிடிக்கவில்லை. அதை வைத்து என்ன செய்ய? அன்று ராத்திரி புளிய மரத்தடியில் அடுப்பு மூட்டி அந்தக் காயைக் குழம்பு வைத்தார்களாம். அப்பத்தா இதைச் சொல்லும்போது கோபப்பட்டதில்லை. "விதைக் காயத் தின்னுட்டம்டா" என்று மட்டும் சொல்லும். எங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

அறிவு இல்லாமலா இருந்தது? வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் பெரிய வீட்டுக் களங்களில் விதைக்கு எடுத்து வைத்த கதிரை உதிர்த்தது யார், புடைத்தது யார், காயவைத்தது யார், குதிரில் கொட்டியது யார்? எங்கள் வீட்டுப் பெண்கள்தான். எது பொக்கு, எது விதை என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். ஆனால் தை மாதம் கொல்லையில் ஊன்ற நாலு விதை வேண்டுமென்றால் அதே வீட்டின் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். தூக்கிப் போடுவார்கள், முந்தானையை ஏந்திக்கொள்ள வேண்டும். தான் புடைத்த விதையைத் தானே பிச்சையாக வாங்கியவர்கள் எங்கள் அம்மாமார்கள். அதனால் "நம் முன்னோர்கள் விதைகளைக் காத்தார்கள்" என்று மேடையில் யாராவது பேசும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வரும். யாருடைய முன்னோர்? காத்த கை எது, குதிரின் சாவி எந்த இடுப்பில் இருந்தது?

இலவு காத்த கிளி என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் கிடைத்தது. இலவ மரத்தடியிலேயே பிழைக்கிற எங்களுக்கு அந்தக் கிளியை நன்றாகத் தெரியும். நம் சமூகத்துக்கு நிலம் என்கிற விஷயத்தில் நடந்தது அதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நிலங்களை ஒதுக்க அரசு ஆணையிட்டது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம் என்று நிபந்தனையும் இருந்தது. அப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நில மீட்பு இயக்கங்கள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர்விட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். இந்திய அளவில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுவதும் சாகுபடியில் இருக்கும் நிலப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த இடைவெளிக்குள்தான் அப்பத்தாவின் சுரைக்கொடி அறுபட்டுக் கிடக்கிறது.

மரபு விதை இயக்கங்களை நாங்கள் மதிக்கிறோம். திருத்துறைப்பூண்டி பக்கம் 'நெல்' ஜெயராமன் ஐயா பாடுபட்டு 170-க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டார். 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். அதனால்தான் விதை பரவியது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2 கிலோவை 4 கிலோவாக்க வயல் வேண்டும். வயல் இல்லாதவர்கள் அந்தத் திருவிழாவில் எந்த வரிசையில் நிற்பது? பந்தல் போடுகிற வரிசையிலா, இலை எடுக்கிற வரிசையிலா? கேள்வி ஜெயராமன் ஐயாவிடம் அல்ல, அந்த விதையை வாங்கிக்கொண்டு போய்ச் சாதியைப் பற்றி வாய் திறக்காமல் மரபைப் பேசுகிறவர்களிடம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் தெலங்கானாவில் ஒன்று இருக்கிறது. ஜஹீராபாத் பக்கத்துக் கிராமங்களில் தக்காண மேம்பாட்டுக் கழகம் 1983-இல் தொடங்கியது. அதன் சங்கங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஒருகாலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைச் சேர்ந்து திருத்தி, குத்தகைக்கு எடுத்து, சோளம், தினை, பயறு என்று பல பயிரை ஒரே வயலில் கலந்து போட்டார்கள். ஊர்தோறும் விதை வங்கி வைத்தார்கள். சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் கூடையில் பூசி வைக்கிற அதே பக்குவம்தான். வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். விதை கேட்டுப் பெரிய வீட்டுக்குப் போன காலம் மாறி, விதை கேட்டு மற்றவர்கள் இவர்களிடம் வருகிற காலம் வந்தது. 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு விருதைவிட வரிசை முக்கியம். முதலில் சங்கம், பிறகு நிலம், பிறகு விதை.

கடல் தாண்டியும் இதே வரிசையைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபேனி லூ ஹேமர் என்கிற கறுப்பினப் பெண் பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தார். 1962-இல் வாக்காளராகப் பதிவுசெய்யப் போனதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். எங்கள் அப்பத்தா கதைதான். அவர் 1969-இல் சன்ஃபிளவர் வட்டாரத்தில் 40 ஏக்கர் நிலத்தை வாங்கி விடுதலைப் பண்ணை என்று கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார். அங்கே காய்கறி விளைந்தது. பன்றி வங்கி ஒன்றும் நடந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி தருவார்கள். அது ஈன்றதும் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும், அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஓட்டுரிமைக்கும் காய்கறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஹேமரின் வாழ்க்கையே பதில். வயிற்றைப் பிடித்து மிரட்டுகிறவன் முன்னால் தலைநிமிர வேண்டுமென்றால், வயிற்றுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

எங்களுக்குப் பெரிய பண்ணை இல்லை, நானூறு சதுர அடிதான். அதனால் பெருமை பேசவில்லை. இந்தக் காயால் கூலி வேலை நின்றுவிடவில்லை, கடனும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கடையில் வாங்குகிற விதைப் பொட்டலத்தின் செலவு நின்றிருக்கிறது. பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. முதல் தடவை ஒரே சீராகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி தாயைப் போல, ஒரு செடி தகப்பனைப் போல, ஒரு செடி யாரையும் போல இல்லாமல் வரும். ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். பின்வாசல் மாறிக் கடைவாசல் ஆனதுதான் மிச்சம். சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் சரி, நிறுவனப் பெயர் ஒட்டி விற்கத்தான் கூடாது. 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சி நிறுவனம் தொடுத்த வழக்குகளை, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெற்றது. அப்போது விவசாயிகள் கையில் எடுத்த ஆயுதம் இந்தப் பிரிவுதான்.

ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவில் விதை கொடுக்கிறோம். புரட்சியாளர் படத்துக்கு மாலை போட்ட கையோடு, சமுதாயக்கூடத்துத் திண்ணையில் பாட்டில்களை வரிசையாக வைத்துவிடுவோம். அந்த ஆண்டு எடுத்த விதையும் போன ஆண்டு மிஞ்சியதும் காகிதப் பொட்டலமாகப் போகும். வாங்குகிறவர்கள் அடுத்த ஆண்டு ஒன்றுக்கு இரண்டாகத் தர வேண்டும். பக்கத்துக் காலனிகளில் இருந்து வருகிறார்கள். இரண்டு ஆண்டாக ஊர்த்தெருவில் இருந்தும் கேட்டு வருகிறார்கள். எங்கள் முள்ளுக் கத்தரி சுவைக்குப் பெயர் வாங்கிவிட்டது. முதலில் ஒரு பையனிடம் பையைக் கொடுத்து அனுப்பி, "போட்டுக் கொடுக்கச் சொன்னாங்க" என்றார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. விதை வேண்டுமென்றால் வாங்குகிறவரே தெருவுக்குள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, நோட்டில் பெயரெழுதி வாங்கிப் போகட்டும். இதுதான் ஒரே நிபந்தனை. போன ஆண்டு மூன்று அம்மாக்கள் வந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். ஒருவர் குடித்தார். இருவர் "இப்பத்தான் குடிச்சோம்" என்றார்கள். மூன்று பேருக்கும் விதை கொடுத்தோம். நோட்டில் மூன்று பெயரும் இருக்கிறது.

1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக இல்லை என்று நாம் படித்திருக்கிறோம். எங்கள் திண்ணையில் அந்த ஒரு டம்ளர் தண்ணீரை ஒருவர் குடித்ததும் இருவர் குடிக்காததும் அந்தக் குளத்தின் கணக்கில்தான் சேரும். கத்தரி விதை அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. ஆனால் யார் யாருடைய வாசலில் நிற்பது என்பதை ஒரு காலைப் பொழுதுக்காவது மாற்றியிருக்கிறது.

படிக்கிற தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இரண்டு வேலை. முதலாவது சின்ன வேலை. இந்தக் கோடை விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, அம்மா, அப்பத்தா, அம்மாயி யாரிடமாவது எந்த விதை இன்னும் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழு முளைத்தால் அது நல்ல விதை. கத்தரி விதைக்கு அரசு சான்று தருவதற்குக் கேட்கிற முளைப்புத்திறனே 70 விழுக்காடுதான். ஒரு மண்தொட்டி போதும், ஒரு செடி போதும். பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். நம் பெண்களின் அறிவு நம் கையெழுத்தில் பதிவாகட்டும்.

இரண்டாவது பெரிய வேலை. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே புல எண் போட்டுப் பார்க்கலாம். பழைய பதிவேடுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதலாம். பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தேடுங்கள். வீட்டுமனைப் பட்டா கையில் இருந்தும் இடத்தை அளந்து காட்டாத குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்து, ஊர்ப் பெரியவர்களையும் வழக்கறிஞர் தோழர்களையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டும் வெவ்வேறு வேலை என்று நினைக்காதீர்கள். விதை மட்டும் இருந்து மண் இல்லை என்றால், கொடி அறுபட்ட அன்று ராத்திரி விதைக் காயைக் குழம்பு வைக்க வேண்டிவரும். நம் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இனி அந்தக் குழம்பு வேண்டாம்.

ஜெய் பீம்.